சிறையாயிருந்த தீவுக்கு ஒரு வழி

ஸெயின்ட் ஹெலினா என்றதும் நெப்போலியனை நினையாதவர் இலர். தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் அந்தப் பாறைத் தீவில் சுமார் 4,400 பேரே வசிக்கின்றனர். அவர்களுக்கென்று பிரிட்டிஷ் சர்க்கார் 28 கோடியே 50 லக்ஷம் பவுன் ஒதுக்கி ஒரு விமான நிலையம் நிர்மாணித்தனர். 2016-ஆம் வருஷம் மே மாதம் அதைத் திறப்பதற்கு நாளும் குறித்தாயிற்று. காற்று குறுக்கே நின்றது. திறப்பு விழா தள்ளிப் போயிற்று. இதைப் போல் உபயோகமற்ற விமான நிலையம் உலகத்தில் வேறில்லை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் பரிகசித்தன. தலைக்கு 60,000 பவுனுக்கு மேல் செலவாகிறதே என்ற கணக்கும் எழுந்தது. இந்தப் பரிகாசம் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

கணக்குப் பார்ப்பதென்றால் ஆதியிலிருந்தே பார்க்க வேண்டும். 1659-இல் ஈஸ்ட் இந்தியா கம்பெனியார் அத்தீவைக் கைக்கொண்டனர். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நம் நாட்டுப் பண்டங்களை ஏற்றிச் சென்ற அவர்களுடைய கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டுத் தண்ணீரும் உணவும் எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குச் செல்லும். 1834-இல் தீவு நேரே பிரிட்டிஷ் முடியின் ஆளுகைக்குள் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கப்பல்கள் வேறு வழியே போயின. தீவின் வர்த்தகம் நசித்தது. ஆயினும் ஏகாதிபத்தியத்துக்கு அத்தீவினால் வேறோர் உபயோகம் இருந்தது. தப்பிச் செல்ல வழியில்லாத இடம் என்பதே அது. 1815 முதல் 1821-இல் உயிர் பிரியும் வரை நெப்போலியன் அங்கே இருந்தான். 1890 முதல் 1897 வரை ஜூலு மன்னர் தினுஜூலு இருந்தார். 1900 முதல் 1902 வரை ஆயிரக்கணக்கான போயர் யுத்தக் கைதிகள் இருந்தனர். 1957-இல் பஹ்ரைன் நாட்டு அரசியல் கைதிகள் மூவர் கொண்டுவரப்பட்டனர். கடலே மதில், தூரமே காவற்காரன்.

கைதிகளில் எஞ்சியோர் விடுதலை பெற்று ஊர் திரும்பினர். தீவின் ஜனங்களோ அந்த மதிலுக்குள்ளேயே இருந்தனர். 1981-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களுடைய பூரண உரிமையைப் பறித்தது. பிரிட்டிஷ் கொடியின் கீழ்ப் பிறந்தவர்கள் பிரிட்டனில் குடியிருக்க உரிமையற்றவர்களாயினர். அவ்வுரிமை திரும்பக் கிடைத்தது 2002-இல்தான். போக்குவரவுக்கு அவர்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு தபால் கப்பல். அது கேப் டவுனிலிருந்து வந்து சேர ஐந்து இரவுகள் ஆகும். அடுத்த முறை வர வாரங்கள் ஆகும். தீவின் ஆஸ்பத்திரியில் செய்ய இயலாத சிகிச்சை ஒருவனுக்கு வேண்டுமானால், கப்பல் வரும் நாளுக்கு முதலில் காத்திருக்க வேண்டும். வியாதியும் அதுவரை காத்திருக்குமா? தாய் இறந்த செய்தி கேட்டுப் புறப்படும் மகன் ஈமக்கிரியைக்கு எப்படி வந்து சேர்வான்? இத்தகைய ஜனங்கள் 2002-இல் தம் அபிப்பிராயம் கேட்கப்பட்டபோது, பெரும்பான்மையோராய் விமானப் பாதையே வேண்டுமென்றதில் வியப்பில்லை.

கேட்டதும் கிடைத்துவிடவில்லை. 2005-இல் வாக்களித்தனர், 2008-இல் வேலையை நிறுத்தி வைத்தனர், 2010-இல் மறுபடியும் சம்மதித்தனர், 2011-இல் தென்னாப்பிரிக்கக் கம்பெனி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தனர். சமதரை அருமையான அந்தத் தீவில், கிழக்குக் கரையின் மேட்டு வெளியில் இடம் தேர்ந்தெடுத்தார்கள். விமான ஓடுதளத்துக்கு நீளம் போதாமையால் ஒரு பள்ளத்தாக்கையே ஏறக்குறைய 80 லக்ஷம் கன மீட்டர் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்தனர். கடற்கரையிலிருந்து அங்கே செல்ல மலை மீது 14 கிலோமீட்டர் பாதையும் அமைத்தனர்.

அந்தப் பாதைக்காக ரூபர்ட் பள்ளத்தாக்கை முன்னதாக அகழ்ந்தபோது 300-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை 19-ஆம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு, கரையேறிய பின் மாண்ட ஆப்பிரிக்கர்களுடையவை. அவற்றைத் திரும்ப நல்லடக்கம் செய்தது 2022-இல். தலைக்கு இவ்வளவு பவுன் என்று எண்ணுவோர் இந்தத் தலைகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

இனி, காற்றின் விஷயம். தென்கிழக்கிலிருந்து இடைவிடாது வீசும் வியாபாரக் காற்று, ஓடுதளத்தின் வடமுனையை அடுத்த செங்குத்துப் பாறைகளால் நிலைகுலைந்து, திசையும் வேகமும் கண நேரத்தில் மாறிச் சுழல்கிறது. இறங்கும் விமானத்துக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. 2016 ஏப்ரலில் பரீட்சைக்காக வந்த பெரிய போயிங் விமானம் முதல் முயற்சியில் இறங்க இயலாமல் மீண்டும் மேலெழும்பிற்று. இது எவரும் அறியாத ரகசியமா? 1836-இல் அத்தீவுக்கு வந்த டார்வின், ஒரு பெரும் பாறையின் விளிம்பில் தாம் நின்ற இடத்தில் காற்று அசைவற்றிருக்க, சில கஜ தூரத்திலேயே பறவைகள் கடுங்காற்றோடு போராடியதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். 180 வருஷங்களாக அச்சில் இருந்த செய்தி அது. கோடிக்கணக்கில் பவுன் செலவிட்டோர் காற்றின் தன்மையைத் தீர அறிந்துகொள்ளாமல் கட்டினார்கள் என்று அவர்களுடைய காமன்ஸ் சபைப் பொதுக் கணக்குக் கமிட்டியே 2016 டிஸம்பரில் கண்டித்தது. அக்கண்டனம் முற்றிலும் நியாயமானது.

ஆனால் பிற்பாடு நடந்ததைப் பரிகசித்தவர்கள் எத்தனை பேர் எழுதினார்கள்? திறப்பு விழா நின்றுபோன சில வாரங்களுக்குள், 2016 ஜூனிலேயே, அவசரச் சிகிச்சை வேண்டிய ஒரு நோயாளியை ஏற்றிச் செல்லச் சிறு விமானமொன்று அங்கே இறங்கிற்று. 2017 அக்டோபர் 14-ந் தேதி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து முதல் பயணிகள் விமானம் வந்தது. அது போயிங்கைவிடச் சிறிய எம்ப்ரேயர் விமானம். சுமார் 100 பேர் ஏறக்கூடிய அதில், சுமையைக் குறைக்கும் பொருட்டு ஆரம்பத்தில் 76 பேருக்கே இடம் என்று வரையறுத்தார்கள். இதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற விமானிகளே அதை ஓட்டினர். ஐந்து இரவுப் பிரயாணம் சில மணி நேரப் பிரயாணமாயிற்று. 2018 பிப்ரவரியில் தபால் கப்பல் ஓய்வு பெற்றது. அதே வருஷம் ஒப்பந்தக் கம்பெனி பணமுடையில் சிக்கவே, நிலையத்தை நடத்தும் பொறுப்பைத் தீவின் அரசாங்கம் அமைத்த ஸ்தாபனமே ஏற்றது. 2020-இல் கொள்ளைநோயினால் வழக்கமான விமானங்கள் நின்றபோது, பிரிட்டனிலிருந்து தனி விமானங்கள் அந்த ஓடுதளத்திலேதான் இறங்கின.

உல்லாசப் பிரயாணிகள் எதிர்பார்த்த அளவில் வரவில்லையே என்பர் சிலர். மெய்தான். வருமானத்தால் தீவு தன் காலில் நின்றுவிடும் என்று சொன்னவர்கள் மிகைபடச் சொன்னார்கள். ஆனால் வழி என்பது லாபத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. குக்கிராமத்துப் பாதைக்கு வரவு செலவு பார்த்தால் எந்தக் கிராமத்துக்கும் பாதை கிடையாது. அன்றியும், ஒரு ஜனசமூகத்தைத் தன் காரியத்துக்காகக் கடல் நடுவே மூன்றரை நூற்றாண்டு வைத்திருந்த அரசு, அவர்களுக்கு ஒரு வழி அமைத்துக் கொடுப்பது தர்மமன்று. கடன் தீர்த்தலே ஆகும்.

எனவே, கட்டியது பிழையன்று. தூரத்திலிருந்து கட்டளையிட்டு, காற்று வீசும் இடத்தில் நின்று பாராமல் கட்டியதே பிழை. லண்டனில் இருப்போர் காகிதத்தில் கோடு இழுக்கலாம். அந்தக் கோடு சரியா என்று சொல்லக் கூடியவர்கள் தீவில் இருப்போரே. 2021-இல்தான் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்ட மந்திரிசபை முறை ஏற்பட்டது. கவர்னரை நியமிப்பது இன்னமும் லண்டன். எண்ணிக்கையில் சிறியவர்கள் என்பதற்காக ஒரு ஜனசமூகத்தின் தேவையைச் சிறிதென்று எண்ணுதல் எந்தச் சர்க்காருக்கும் தகாது. அவர்களுக்கென்று ஒன்றைச் செய்யும்போது அவர்களைக் கேளாமல் செய்வதும் தகாது. இவ்விரண்டையும் உணர்ந்த பின்னர், பரிகசிக்க விரும்புவோர் பரிகசிக்கட்டும்.