'சோம்பேறி'ன்னு திட்டாதீங்க பாஸ்!

போன வாரம் அரியர் மேட்டரை எழுதிட்டு வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை. அதை விடுங்க. இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ். ஆனா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க, ப்ளீஸ். ஏன்னா இது தாத்தா, பாட்டி சமாசாரம் இல்லை. நம்ம வயசுக்காரங்க சமாசாரம்.

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். நான், பெரியம்மா, பெரியம்மா மகன். அதாவது எனக்கு அண்ணன். ராஜபாளையத்துல பஸ் ஏறினா பாதித் தூக்கம் போடறதுக்குள்ள ஊர் வந்துடும். தூரத்துலயே கோபுரம் கண்ணுல பட்டுடும். 11 நிலை, 192 அடி. தமிழக அரசோட முத்திரையில இருக்கே, அதே கோபுரம்தான்.

ரத வீதியில நிக்க இடமில்லை. 'கோவிந்தா... கோபாலா...'ன்னு சத்தம் காதைப் பிளக்குது. கோபுரத்துக்குக் கிட்ட வந்ததும் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டாங்க. அண்ணனும் பார்க்கணுமே! காலை அகட்டி வச்சார். முழங்காலை மடக்கினார். ஒரு கையால என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, சுவத்துல சாய்ச்சு வச்ச ஏணி மாதிரி மொத்த உடம்பையும் பின்னாடி சாய்ச்சார். கழுத்து மட்டும் அசையவே இல்லை.

"போதும்டா, விழுந்துருவேன். நாலு நிலை வரைக்கும் தெரிஞ்சுருச்சு. மிச்சத்தை நீ பார்த்துக்கோ"ன்னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

அண்ணனுக்கு வயசு 31.

சாயங்காலம் வாலிபால்... காலையில வலி!

அண்ணன் பாலிடெக்னிக் படிச்சப்ப ஆரம்பிச்ச பிரச்னை இது. அப்ப 19 வயசு. காலையில படுக்கையில இருந்து எந்திரிக்கவே முடியாது. உருண்டு, கட்டில் ஓரத்தைப் பிடிச்சு, ஒரு மாதிரி எழுந்து நிப்பார். குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாது. தண்ணிக் குடத்தைத் தூக்கச் சொன்னா முகம் சுருங்கும். பத்து மணி ஆச்சுன்னா கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடும். சாயங்காலம் கிரவுண்டுல வாலிபாலை எகிறி எகிறி அடிப்பார்!

போதாதா? பெரியப்பா விட்டு வாங்கிட்டார். "பந்து அடிக்க மட்டும் இடுப்பு வளையுது, வீட்டு வேலைன்னா வளைய மாட்டேங்குதோ? சோம்பேறிப் பய!" கேட்ட எல்லாருக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. சின்னப் பையனா இருந்த நான்கூட 'கும்பகர்ணன்'னு கூப்பிட்டுச் சிரிச்சிருக்கேன்.

ராஜபாளையம் நாய் பார்த்திருக்கீங்களா? காலையில கண்ணு முழிச்சதும் முன்னங்காலை நீட்டி, முதுகை வில்லா வளைச்சு சோம்பல் முறிக்கும் பாருங்க, அவ்வளவு அழகா இருக்கும். அந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்ய அண்ணனுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அதுதான் நோய்னு யாருக்கும் தெரியலை.

ஒருத்தர் சுளுக்குன்னு எண்ணெய் போட்டு நீவினார். ஒரு கிளினிக்குல ஊசி போட்டு, பெல்ட்டைக் கட்டி, "ரெஸ்ட் எடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ரெஸ்ட் எடுக்க எடுக்க இன்னும் இறுகிச்சு. படிப்பு முடிஞ்சு அண்ணன் வேலைக்குச் சேர்ந்தது சத்திரப்பட்டியில. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஊர். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். ஆஸ்பத்திரிகளுக்குப் போற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்யிற ஊர் அது. ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புற இடத்துல வேலை பார்த்தவருக்கு, கட்டுப் போட முடியாத இடத்துல வந்துச்சு வியாதி.

கண்ணு காட்டிக் கொடுத்துச்சு

ஏழு வருஷம் இப்படியே ஓடுச்சு. 26 வயசுல ஒருநாள் அண்ணனுக்கு ஒரு கண்ணு மட்டும் ரத்தமா சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே கூசுச்சு. மெட்ராஸ் ஐன்னு ரெண்டு நாள் விட்டுட்டோம். குறையலை. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். கண்ணைப் பார்த்த டாக்டர் கண்ணைப் பத்திக் கேக்கலை. "காலையில எந்திரிக்கும்போது இடுப்பு பிடிச்சுக்குதா தம்பி?"ன்னு கேட்டார்.

அண்ணன் அப்படியே அழுதுட்டார். ஏழு வருஷத்துல அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் ஒரு கண் டாக்டர்!

ரத்த டெஸ்ட், எக்ஸ்-ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்து கடைசியில பேர் சொன்னாங்க: ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்.

கதவுக் கீலும் வெல்டிங்கும்

மூட்டு இறுகி, எலும்போட எலும்பு ஒட்டிப் போறதுக்கு 'ஆங்கிலோசிஸ்'னு பேர். அடிபட்டாலும் வரலாம், மூட்டுல டி.பி. கிருமி புகுந்தாலும் வரலாம். அண்ணனுக்கு வந்தது வேற ரகம். உடம்பைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்பு சக்தியே வழி தவறி, தசைநாரும் எலும்பும் சேர்ற இடங்கள்ல அழற்சியைக் கிளப்பி விடுது. பெரும்பாலும் இடுப்புக்குக் கீழ், முதுகெலும்பு இடுப்பெலும்போட சேர்ற மூட்டுல ஆரம்பிக்கும். அப்புறம் மெல்ல மேல ஏறும்.

நம்ம இன்ஜினீயரிங் பாஷையில சொல்றேன். கீல்வாதம்ங்கிற வார்த்தையிலயே 'கீல்' இருக்கு. கதவுக் கீல் துருப்பிடிச்சா ரெண்டு சொட்டு எண்ணெய் விடலாம். ஆனா இங்கே நடக்கிறது துரு இல்லை, வெல்டிங்! அழற்சி வந்த இடத்துல உடம்பு புது எலும்பை வளர்க்குது. ஒரு முள்ளெலும்புக்கும் அடுத்த முள்ளெலும்புக்கும் நடுவுல பாலம் போடுது. நோய் முத்தினவங்களோட எக்ஸ்-ரேயைப் பார்த்தா முதுகெலும்பு கணுக்கணுவா மூங்கில் மாதிரியே இருக்கும். டாக்டர்களும் அதை மூங்கில் முதுகுன்னுதான் சொல்றாங்க. விலா எலும்பு சேர்ற மூட்டும் இறுகினா, மூச்சை நல்லா இழுத்து விடறதுகூடக் கஷ்டம்.

இது ஏதோ நேத்து வந்த வியாதி இல்லை. 1690கள்லயே பெர்னார்ட் கானர்ங்கிற அயர்லாந்து டாக்டர், இடுப்பெலும்பும் முதுகெலும்பும் விலா எலும்பும் ஒண்ணா ஒட்டி ஒரே எலும்பா ஆகிப் போன ஒரு எலும்புக்கூட்டைப் பத்தி எழுதி வச்சிருக்கார். ஹெச்.எல்.ஏ. பி27 ங்கிற மரபணு இருக்கிறவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்னு 1973ல் கண்டுபிடிச்சாங்க. ஆனா அந்த மரபணு இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு நோய் வர்றதே இல்லை. அதனால ரிப்போர்ட்ல 'பாசிட்டிவ்'னு ஒரு வார்த்தையைப் பார்த்துட்டு யாரும் பதறாதீங்க.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்து கேப்டனா இருந்த மைக் ஆதர்டனுக்கும் இதே நோய்தான். 1995ல் ஜோகன்னஸ்பர்க் டெஸ்ட்ல தென்னாப்பிரிக்கா வேகப்பந்தை 10 மணி 43 நிமிஷம் நின்னு சமாளிச்சு, 185 ரன் அடிச்சு, அவுட்டே ஆகாம மேட்சை டிரா பண்ணினாரே, அந்த முதுகுதான்! அவரையும் யாராவது சோம்பேறின்னு சொல்வாங்களா?

டாக்டர் 'வி'யின் விரல்கள்

மதுரை, கண் டாக்டர்னு சொன்னதும் உங்களுக்கும் ஒரு பேர் ஞாபகம் வந்திருக்கும். டாக்டர் கோ.வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சவர். அவர் விரல்களைப் பத்தித் தெரியுமா?

1918ல் எட்டயபுரம் பக்கத்துல வடமலாபுரம் கிராமத்துல பிறந்தவர். டாக்டருக்குப் படிச்சு, ராணுவ மருத்துவப் பிரிவுல இருந்துட்டு, பிரசவ மருத்துவராகணும்னு ஆசைப்பட்டவர். 30 வயசுல முடக்குவாதம் தாக்குச்சு. அண்ணனுக்கு வந்தது முதுகெலும்பைப் பிடிக்கிற ரகம்னா, இது கை, கால்ல இருக்கிற சின்ன மூட்டுகளைக் குறிவைக்கிற ரகம். மாசக்கணக்குல ஆஸ்பத்திரிப் படுக்கை. விரல்கள் கோணி, இறுகி, அப்படியே நின்னுடுச்சு. பேனா பிடிக்கிறதே பெரும்பாடு.

பிரசவ டாக்டர் கனவு போச்சு. மனுஷன் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணின விரலுக்கு ஏத்த மாதிரி கத்தியைப் பிடிக்கப் பழகினார். தனக்குத் தோதான கருவிகளையும் உருவாக்கிக்கிட்டார். ரிட்டயர் ஆனப்புறம் 1976ல், 58 வயசுல, 11 படுக்கையோட மதுரையில அரவிந்தை ஆரம்பிச்சார். அந்த விரல்களாலயே ஒரு லட்சத்துக்கும் மேல கண் ஆபரேஷன் செஞ்சுட்டு 2006ல் கண்ணை மூடினார்.

இந்தக் கதையை அண்ணன்கிட்ட சொன்னேன், தன்னம்பிக்கை ஊட்டலாமேன்னு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவர் பெரிய மனுஷன்டா. ஆனா ஒண்ணு. அவர் காலத்துல இதுக்கு மருந்து பெருசா இல்லை. என் காலத்துல இருந்துச்சு. எனக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

என்கிட்ட பதில் இல்லை.

இப்ப என்ன இருக்கு?

நிறைய இருக்கு. முதல் மருந்து எதுன்னு கேட்டா எந்த டாக்டரும் சொல்றது: உடற்பயிற்சி. தினமும் உடம்பை நீட்டி மடக்கணும், மூச்சுப் பயிற்சி செய்யணும், முடிஞ்சா நீச்சல் அடிக்கணும். அதோட அழற்சியைக் குறைக்கிற மாத்திரை. அதுக்கு அடங்கலைன்னா 'பயாலஜிக்' ஊசிகள். அழற்சியைத் தூண்டுற புரதத்தையே மடக்கிப் போடறது இது. 2003ல இருந்து இந்த நோய்க்கு இந்த வகை ஊசிகளுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைக்க ஆரம்பிச்சது. முதல்ல விலையைக் கேட்டாலே முதுகு வலிக்கும். அப்புறம் இந்தியக் கம்பெனிகளே இதுக்கு இணையான ஊசிகளைத் தயாரிக்க ஆரம்பிச்சு, விலை நல்லாவே இறங்கியிருக்கு. ஊசி போடறதுக்கு முன்னாடி, உள்ளே டி.பி. கிருமி ஒளிஞ்சிருக்கான்னு டெஸ்ட் பண்ணிடுவாங்க.

இதெல்லாம் நெருப்பை அணைக்கும். ஆனா ஒட்டின எலும்பைப் பிரிக்காது. அண்ணனுக்கு இப்ப வலி ரொம்பக் குறைஞ்சிருக்கு, வேலைக்குப் போறார், ராத்திரி தூங்கறார். கழுத்து மட்டும் போனது போனதுதான். போனது அந்த ஏழு வருஷத்துல.

செக் பண்ணிக்கோங்க!

* நாற்பது, நாற்பத்தஞ்சு வயசுக்குள்ள ஆரம்பிச்ச இடுப்பு வலி மூணு மாசத்துக்கு மேல நீடிக்குதா?

* காலையில உடம்பு இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல இருக்கா?

* நடந்தா, விளையாடினா குறைஞ்சு, படுத்துக் கிடந்தா கூடுதா?

* பின்னிரவுல வலி எழுப்பி விடுதா? இடுப்புக்குக் கீழ் வலி ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம்னு மாறுதா?

* குதிகால் வலி, கண்ணு சிவக்கிறது, வீட்ல வேற யாருக்காவது இதே மாதிரி நோய்... இதெல்லாம் உண்டா?

இதுல ரெண்டு, மூணு பொருந்தினா உடனே பயப்பட வேண்டாம். ஆனா வாதநோய் நிபுணரை ஒருமுறை பார்த்துடுங்க. 'எக்ஸ்-ரே நார்மல்'னு விட்டுடாதீங்க. எக்ஸ்-ரேயில தெரியறதுக்குச் சில வருஷம் ஆகும். எம்.ஆர்.ஐ.யில முன்னாடியே தெரிஞ்சுடும். பொண்ணுங்களுக்கு வராதுன்னும் நினைக்காதீங்க. வரும், கண்டுபிடிக்கத்தான் லேட்டாகும். சிகரெட் பிடிச்சா நோய் இன்னும் வேகமா முத்தும். முக்கியமா, முடி வெட்டுற கடையில கழுத்தை 'டக்'குனு திருப்பி நெட்டி எடுக்கிற வேலையே வேண்டாம். இறுகின எலும்பு பார்க்கத்தான் உறுதி. சின்ன அடிக்கே உடைஞ்சுடும்.

கடைசியா...

தேர் நகர்ந்து போனப்புறம் அண்ணனை வடம் கிடந்த பக்கமா ஓரமா நிறுத்தினேன். அவர் போனை வாங்கி, கேமராவை ஆன் பண்ணி, கோபுரத்தைப் பார்த்து மேல சாய்ச்சுப் பிடிச்சேன். ஸ்கிரீனை அவர் நெஞ்சுக்கு நேரா வச்சேன். அஞ்சு, ஆறு, ஏழுன்னு விரலால எண்ணிக்கிட்டே வந்தவர் பதினொண்ணுல நிறுத்தினார்.

"டேய்... உச்சியில கிளி உக்காந்திருக்குடா!"

பக்கத்துல இருந்த பெரியம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நானும் அண்ணாந்து பார்த்தேன். ஆமா, உக்காந்திருந்துச்சு. இத்தனை தடவை வந்திருக்கேன், ஒருநாளும் நான் உச்சி வரைக்கும் பார்த்ததில்லை.

நாளைக்குக் காலையில உங்க ரூம்மேட் எந்திரிக்க லேட் பண்ணினா, போர்வையை உருவறதுக்கு முன்னாடி அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க: "இடுப்பு பிடிச்சுக்குதா மச்சி?"

'இல்லை'ன்னு சொன்னா தாராளமா உருவிக்கோங்க!