விதியின்மேற் பழி

“இயற்கையின் சீற்றத்துக்கு எவர் என்ன செய்யமுடியும்?” எனக் கைவிரிப்போருக்கு நாம் இஸ்தான்புல் நகரைச் சுட்டிக்காட்டுகிறோம். அதன் தெற்கே, மார்மராக் கடலடியில் வட அனத்தோலியப் பிளவு கிடக்கிறது. 1939இல் கிழக்கே எர்சின்ஜானை அழித்த பூமியதிர்ச்சியைத் தொடர்ந்து, இப்பிளவின் பேரதிர்ச்சிகள் பெரும்பாலும் மேற்கு நோக்கியே நகர்ந்துள்ளன. 1999இல் இஸ்மித் பகுதியில் 17,000க்கும் அதிகமானோர் மாண்டனர்.

விஞ்ஞானிகள் தம் கடமையைச் செய்தனர். முப்பதாண்டுகளுக்குள் இஸ்தான்புல்லைப் பலத்த அதிர்ச்சி உலுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 62 வீதம் என 2000ஆம் ஆண்டிலேயே கணித்தனர். நாளும் நாழிகையும் குறிக்க எவராலும் இயலாது. ஆனால் எந்த மண் மிகுதியாக ஆடும், எந்தக் கட்டிடம் தாங்காது என்பதைக் கூறமுடியும்.

ஆட்சியாளர் செய்ததென்ன? 2018இல், விதிமீறி எழுந்த கட்டிடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பளித்தனர். அவை அதிர்ச்சியைத் தாங்குமா என்பது உரிமையாளரின் பொறுப்பென்று சட்டத்திலேயே எழுதிவைத்தனர். காசு திறைசேரிக்கு, இடிபாடு குடியிருப்பவன் தலைக்கு! 2023 பெப்ரவரியில் தென்கிழக்கே வேறொரு பிளவு அசைந்தது. துருக்கியில் மட்டும் 50,000க்கும் அதிகமானோர் மடிந்தனர். அப்பொழுதும் விதியென்ற பேச்சே எழுந்தது.

பூமி அசைவது இயற்கை. இரும்பைக் குறைத்து இலாபத்தைப் பெருக்குவது இயற்கையன்று. பிளவின் நீளத்தை மட்டும் அளந்தாற் போதாது. கொந்தராத்துக்காரனின் இலாபத்தையும், உறுதியான வீட்டுக்கு வாடகை கொடுக்க இயலாத தொழிலாளியின் கூலியையும் சேர்த்தே அளக்கவேண்டும். அக்கணக்கை மறைப்போர், நாளைய பிணங்களுக்கு இன்றே பொறுப்பாளிகள் என்போம் நாம்.