ஓமென்று அமத்தினால் போதுமா?

கடன் செயலி கேட்கிற அனுமதிக்கு ‘இல்லை’ சொல்லக்கூடியவர், கடன் தேவைப்படாதவர்தான். மாங்கேணியில் திருகோணமலை வீதியோரம் போன் திருத்தி, ரீலோட் போட்டுக் கொடுக்கிற எனக்கு இது கண்கூடு.

மாரிக் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடந்த நேரம், தெரிந்த அக்கா ஒருவர் வந்தார். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கடன் செயலி. தொடர்பு எண்களைப் பார்க்கவா, படங்களைப் பார்க்கவா என்று திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. “எல்லாத்துக்கும் ஓமெண்டு குடு தம்பி, காசு வந்தாச் சரி.” என்ன கேட்கிறது என்று விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தானே அமத்தினார். மறுத்தால் அடுத்த பக்கமே திறக்காது. தவணை பிந்தியதும் மச்சாளுக்கு, பிள்ளையின் ரீச்சருக்கு, வாழைச்சேனையில் மீன் எடுக்கிற முதலாளிக்கு என்று அழைப்புப் பறந்தது. ஏனென்று கேட்டால், நீங்கள்தானே அனுமதி தந்தீர்கள் என்றார்களாம்.

இந்த அனுமதிப் பெட்டிகளின் சரித்திரமே இப்படித்தான். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்டுச் சனத்தை வெறுக்கப் பண்ணியது. 2009இல் விண்டோஸ் 7 அதைக் குறைத்தது. 2012இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வில், அன்ட்ரொய்ட் செயலி ஏற்றும்போது அனுமதிப் பட்டியலைக் கவனித்தவர்கள் 17 வீதம்தான். 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 6, தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. பிரயோசனம் இல்லாமல் இல்லை: டோர்ச் செயலி தொடர்பு எண்களைக் கேட்டால் எங்கள் பொடியன்மாரே சிரித்துவிட்டு மறுப்பார்கள். டோர்ச்சுக்கு யாரும் அந்தரப்படுவதில்லையே!

கேட்கவே விடாமல் தடுத்த இடத்தில்தான் உண்மையான காவல் கிடைத்தது. 2019இல் கூகுள், குறுஞ்செய்தியையும் அழைப்புப் பதிவையும் கண்ட கண்ட செயலிகள் கேட்பதைத் தன் பிளே ஸ்டோரில் கட்டுப்படுத்தியது. 2023 மே 31 முதல் அங்குள்ள தனிநபர் கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கக்கூடாது. வட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே என்ற செயலிக் கோப்புக்கு அந்த விதி எட்டாது.

அதை எட்டவைக்க வேண்டியது அரசு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. செயலி எந்த வழியால் வந்தாலும், கடன்காரரின் தொடர்பு எண்களைக் கடன் கொடுப்பவர் எடுப்பதே குற்றம் என்று அதில் எழுதட்டும். அமத்தப்பட்ட ‘ஓம்’ அதற்குச் சாட்டாக இருக்கக்கூடாது.