கதை என்றால் பொய்யா?



அண்மையில் மூன்றாம் ஆண்டு வகுப்பில், வீட்டுப்பாடம் செய்யாத மாணவன் ஒருவனிடம் காரணம் கேட்டேன். "ராத்திரி வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சி, டீச்சர். பை நனைஞ்சிருச்சி" என்றான். "கதை விடாதே!" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவன் தாயார் நனைந்த நூல்களோடு வந்து நின்றபோது நான் தலைகுனிந்தேன். பயிற்சிக் கழகத்தில் கதை சொல்லும் முறைகளை ஆர்வத்தோடு பயின்றவள் நான்!

'கதை' என்னும் சொல்லைப் பொய்க்கு மறுபெயராக நாம் எவ்வளவு எளிதாகப் புழங்குகிறோம்! கதை அளக்கிறான், கதை கட்டுகிறாள், கட்டுக்கதை என்கிறோம். மலாய்மொழியின் 'டோங்கெங்' என்னும் சொல்லுக்கும் இதே நிலைதான்.

ஆங்கிலத்தின் 'ஃபேரி டேல்' என்பதைத் தேவதைக் கதை என்கிறோம். 1697இல் பிரான்சில் டோல்னுவா சீமாட்டி தம் தொகுப்புக்கு இட்ட பெயரிலிருந்து பரவிய வழக்கு அது. ஆயினும், சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் தேவதையே இல்லை. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட சின்ரெல்லா கதையிலும் துணை நிற்பவை தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமும் புறாக்களுமே. தேவதை இல்லாவிடினும் ஆதரவற்ற பிள்ளைக்கு ஒரு துணை உண்டு என்னும் நம்பிக்கை அங்கே இருக்கிறது.

அன்றாட வழக்கில் இச்சொல்லுக்கு இருமுகங்கள் உள்ளன. 2016இல் லெஸ்டர் சிட்டி காற்பந்துக் குழு இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கை வென்றபோது, அதனைத் தேவதைக் கதை என உலகம் புகழ்ந்தது. நிறைவேறாத வாக்குறுதியை இகழ்வதற்கும் அதே சொல்தான். பெரியவர்கள் குரலைக் கொண்டு வேறுபாட்டை உணர்வார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கதை சொல்வது குற்றம் என்றெண்ணி வாய்மூடிக்கொள்ளும். பிறகு, கதை சொல்லும் போட்டிக்கு ஆள் இல்லையே என நாமே வருந்துவோம்.

நம் தொல்காப்பியம் கற்பனைமொழிக்கும் உரைநடை வகைகளுள் இடம் தந்துள்ளது. நாம் ஏன் அதனை இழிவுபடுத்த வேண்டும்? பொய்யைப் பொய் என்போம். ஐயம் இருந்தால் விசாரிப்போம். கதையைக் கதையென்றே மதிப்போம்.

வகுப்பின் முன்னிலையில் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் ஒருநாள் அவனே கதை சொல்ல முன்வந்தான். வெள்ளத்தில் வந்த மீன் ஒன்று அவனுடைய கணித நூலைப் படித்ததாம்! எது நடந்தது, எது கதை என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியாமற் போயிற்று.

சிந்திப்போம்.