மாம்பழத்தின் மேல் பழி

சென்ற வைகாசியில் ஒரு நாள் மாலை நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். கூடத்தின் மூலையில் வைக்கோல் பரப்பிய கூடை ஒன்று இருந்தது. கூடை நிறைய மல்கோவா மாம்பழம். சேலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அவருடைய தாயார், கொல்லை மரத்துப் பழத்தை வருஷந் தவறாமல் பிள்ளைக்கு அனுப்பி வைப்பது வழக்கம். பழத்தின் வாசனை வாசற்படிக்கே வந்து நம்மை வரவேற்றது. நண்பருடைய முகத்தில்தான் உற்சாகத்தைக் காணோம்.

"ஸார்! போகும்போது பாதிக் கூடையை எடுத்துக்கொண்டு போங்கள். நான் பழத்தைத் தொட்டு மூன்று மாதம் ஆகிறது. உடம்பை இளைக்கச் செய்ய வேண்டுமல்லவா? பழத்தில் இருப்பது அவ்வளவும் சர்க்கரை. அடுத்த வருஷம் அனுப்பவே வேண்டாமென்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்" என்றார்.

"அம்மா என்ன சொன்னார்கள்?" என்று கேட்டோம்.

"ஒன்றும் சொல்லவில்லை. டெலிபோனை வைத்துவிட்டாள்."

நண்பருடைய வைராக்கியத்தை மெச்சுவதா, அந்த அம்மாளுக்காக வருந்துவதா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கையில் காப்பி வந்தது. நண்பர் தம்முடைய டம்ளரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். தினம் நாலு தடவை காப்பி உண்டாம். காலையில் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி தேன். "தேன் இயற்கையானது, கெடுதல் கிடையாது" என்றார். மத்தியானம் பசி எடுத்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் ஆரஞ்சுச் சாறு. இத்தனை விரதத்துக்கும் பலன் என்னவென்று விசாரித்தோம். மூன்று மாதத்தில் அரைக் கிலோ எடை ஏறியிருந்தது!

நேயர்களில் பலர் இந்த நண்பரைப் போலவே பழத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கக்கூடும். ஆகையால் வழக்கைக் கொஞ்சம் நிதானமாய் விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் எதிர்க் கட்சியின் வாதத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பழத்தில் சர்க்கரை இருக்கத்தான் இருக்கிறது. குளுகோஸ், பிரக்டோஸ், சுக்ரோஸ் என்னும் மூன்று சர்க்கரைகளும் பழத்தில் உண்டு. சுக்ரோஸ் என்பது வேறொன்றுமில்லை. நாம் காப்பியில் போடுகிற அதே சர்க்கரைதான். எங்கிருந்து வந்தாலும் கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி வீதம் அது சக்தியைத் தரும். வயிற்றுக்குள் போன சர்க்கரையிடம் நம் உடம்பு குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு இளைக்கும். அதிகமாகச் சாப்பிட்டால் பெருக்கும். இயற்கைச் சர்க்கரை என்பதற்காக இந்த விதியில் சலுகை கிடையாது.

அப்படியானால் நண்பர் செய்ததுதான் சரியா? இல்லை. சர்க்கரை என்ன ஜாதி என்பது முக்கியமல்ல. அது எந்த வாகனத்தில் ஏறி வருகிறது என்பதே முக்கியம். மாம்பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதோடு நார்ச்சத்தும் இருக்கிறது. 100 கிராம் சதையில் சர்க்கரை ஏறக்குறைய 14 கிராம்; கலோரி 60. கொய்யாப் பழமோ இன்னும் யோக்கியன்: 100 கிராமில் சர்க்கரை 9 கிராம், நார்ச்சத்து 5 கிராம். பழத்தைக் கடிக்க வேண்டும், மெல்ல வேண்டும், விழுங்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கிறது. அதற்குள் வயிறும் "போதும்" என்று சொல்லிவிடுகிறது.

1977-ம் வருஷம் இங்கிலாந்தில் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீட்சை நடத்தினார்கள். பத்துப் பேருக்கு ஆப்பிளை ஒரு தடவை முழுசாகவும், ஒரு தடவை மசித்தும், ஒரு தடவை சாறாகவும் கொடுத்தார்கள். மூன்றிலும் மாவுச் சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 60 கிராம்தான். பழத்தைத் தின்பதைவிடப் பதினொரு மடங்கு வேகத்தில் சாற்றைக் குடிக்க முடிந்தது. பசி அடங்கியது பழத்தில்தான் அதிகம். சாற்றில் மிகக் குறைவு. சாறு குடித்தபின் இரத்தத்தில் ஏறிய சர்க்கரை பிறகு திடீரென்று சரிந்தது. பழம் தின்றபோது அப்படிச் சரியவில்லை. 2009-ல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு பரீட்சையில், சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் ஆப்பிள் தின்றவர்கள், அந்த ஆப்பிளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் 15 சத விகிதம் குறைவாகவே சாப்பிட்டார்கள். சாறு குடித்தவர்களிடம் இந்தப் பலன் காணப்படவில்லை.

இதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் சர்க்கரைக்கு வரம்பு கட்டியபோது, முழுப் பழத்திலுள்ள சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் தேனையும் பழச்சாற்றையும் நாம் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டது! இவையெல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்பது அதன் தீர்ப்பு. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம் அல்லது 25 கிராம் என்று கொள்ளலாம்.

நண்பருடைய கணக்கை அங்கேயே போட்டுப் பார்த்தோம். காப்பியில் 8 தேக்கரண்டி சர்க்கரை, ஏறக்குறைய 32 கிராம். தேனில் 11 கிராம். சாற்றில் 20 கிராம். ஆக மொத்தம் 63 கிராம்! அவர் தியாகம் செய்த மாம்பழத்தில் 200 கிராம் சாப்பிட்டிருந்தால் 28 கிராம்தான் சேர்ந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு ஒரே வேளையில் நாலு மல்கோவாவை ஒருவர் தீர்த்துக் கட்டினால் அதற்கு நாம் ஜவாப்தாரி அல்ல. வயிறாரச் சாப்பிட்டபின் அதன் தலைமேல் பழத்தை ஏற்றினாலும் எடை கூடத்தான் கூடும். உலர்ந்த பழத்திடம் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 100 கிராம் திராட்சைப் பழத்தில் 70 கலோரி. தண்ணீர் வற்றிய 100 கிராம் உலர்ந்த திராட்சையிலோ 300. நீரிழிவு உள்ளவர்கள் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. 1918-ல் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கி, இன்று ஹைதராபாத்தில் விளங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024-ல் வெளியிட்ட உணவுக் குறிப்புகளில் தினம் 100 கிராம் பழத்துக்கு இடம் வைத்திருக்கிறது. இளைக்க விரும்புகிறவர்கள் பழத்தை விலக்க வேண்டாம். மாலை நேரத்து முறுக்கும் மிக்ஸரும் இருந்த இடத்தில் அதை உட்கார வைத்தால் போதும்.

இவ்வளவையும் நாம் சொல்லி முடித்ததும் நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய் டெலிபோனை எடுத்தார். "அம்மா! பழம் எல்லாம் நன்றாக வந்து சேர்ந்தது. அடுத்த வருஷமும்..." என்று அவர் ஆரம்பித்ததுதான் நம் காதில் விழுந்தது. மறுபுறத்தில் அந்த அம்மாள் வெகு நேரம் பேசியிருக்க வேண்டும். நண்பர் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாம் புறப்படும்போது நண்பர் வாசல் வரையில் வந்து வழியனுப்பினார். பாதிக் கூடை தருவதாகச் சொன்ன பேச்சு மட்டும் மறந்து போய்விட்டது. கையில் இரண்டு பழம் கொடுத்தார். ஆரோக்கிய உபதேசம் செய்கிறவர்களுக்கு அவ்வளவுதான் கிடைக்கும் போலிருக்கிறது!