நெருக்கடியில் உள்ள நாட்டிற்குச் சுற்றுலா செல்லலாமா?

துன்பம் நேர்ந்த வீட்டிற்கு விருந்துண்ண எவரும் செல்வதில்லை. அவ்வாறே, வறுமையிலும் பூசலிலும் வாடும் நாட்டிற்கு இன்பச் சுற்றுலா செல்வது முறையன்று எனச் சிலர் கூறுவர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயினும், நம் அண்டை நாடாகிய இலங்கையின் அண்மைக்கால வரலாற்றை நோக்கினால், இக்கருத்து முழுமையானதன்று என்பது விளங்கும்.

இலங்கையில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய உள்நாட்டுப் போர் 2009இல் முடிவுற்றது. அதன்பின் அங்குச் சுற்றுலாத் தொழில் விரைந்து வளர்ந்தது. 2018இல் 23 இலட்சத்திற்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் அங்குச் சென்றனர். 2019 ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் திருநாளில், தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பயணிகள் அஞ்சி விலகினர். அடுத்து வந்த கொரோனா பெருந்தொற்று எஞ்சியிருந்த வருவாயையும் பறித்தது. 2021இல் வந்தவர்களின் எண்ணிக்கை 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை.

சுற்றுலாப் பயணியர் செலவிடும் பணம் ஒரு நாட்டிற்கு அந்நியச் செலாவணியாகிறது. எரிபொருள், மருந்து, சமையல் எரிவாயு ஆகியவற்றை வெளிநாடுகளிலிருந்து வாங்க அதுவே தேவை. அவ்வருவாய் வற்றியதோடு, பெருகிய கடனும் தவறான பொருளாதார முடிவுகளும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என இலங்கை அரசு அறிவித்தது. மக்கள் பெட்ரோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லாமையால், மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. உங்களைப் போன்ற மாணவர்களின் படிப்பையும் அந்நெருக்கடி விட்டுவைக்கவில்லை.

இத்தகைய வேளையில் பயணியர் அனைவரும் விலகிச் சென்றால் பாதிக்கப்படுவோர் யாவர்? முச்சக்கர வண்டி ஓட்டுநர், செவ்விளநீர் விற்பவர், வழிகாட்டி, தம் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விடும் குடும்பத்தினர் ஆகியோரே. நெருக்கடியை உண்டாக்கியவர்கள் அவர்கள் அல்லர். ஆகவே, செல்லாமல் இருப்பது மட்டுமே இரக்கம் ஆகாது.

எனினும், எதிர்த்தரப்பினரின் கேள்வியை நாம் தள்ளிவிடலாகாது. குடிமக்கள் வரிசையில் காத்திருக்க, சுற்றுலாப் பயணிக்கு எரிபொருளும் மின்சாரமும் தடையின்றிக் கிடைப்பது நீதியா? பெரிய விடுதிகளில் மட்டும் தங்கினால், நாம் கொடுக்கும் பணம் ஊர் மக்களைச் சென்றடையுமா? கடற்கரையையும் சிகிரியாக் குன்றையும் மட்டும் கண்டு திரும்பினால், போர் விட்டுச்சென்ற வடுக்களை அறிவோமா? 1981இல் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட யாழ்ப்பாண நூலகமும் அந்நாட்டின் வரலாறுதான். அதனை அறியாத பயணம் பாதிப் பயணமே.

இக்கேள்விகளுக்கு விடை, பயணத்தைக் கைவிடுவதில் இல்லை. பயணம் செய்யும் முறையில் உள்ளது. பாதுகாப்பு நிலையை அறிந்தபின் புறப்பட வேண்டும். சிறு விடுதிகளில் தங்கலாம். உள்ளூர்க் கடைகளில் வாங்கலாம். வறியவரிடம் அளவுமீறிப் பேரம் பேசுதல் தகாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் அளவறிந்து பயன்படுத்த வேண்டும். பிறர் துயரத்தை வேடிக்கைப் பொருளாக்கிப் படம் எடுத்தல் கூடாது. நமக்குத் தமிழ் தெரியும் என்பது இங்கு ஒரு பேறு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் மக்களுடன் அவர்கள் மொழியிலேயே உரையாடலாம். அவர்கள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கலாம்.

2024இல் இலங்கைக்குச் சென்றோர் எண்ணிக்கை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. அவர்களுள் இந்தியரே மிகுதி. ஆனால், ஒரு குண்டுவெடிப்பாலோ ஒரு நோயாலோ நின்றுபோகக்கூடிய வருவாயை மட்டும் ஒரு நாடு நம்பியிருத்தல் இயலாது. அமைதியையும் நேர்மையான ஆட்சியையும் அந்நாட்டவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். விருந்தினராகிய நாம் செய்யக்கூடியது சிறிதே. அச்சிறு உதவி உரியவர் கைகளைச் சென்றடையுமாறு பயணம் செய்வது நம் கடமையாகும்.