உராய்வோடு மூடப்படும் கோப்புகள்

விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில் வெடி விபத்து நிகழும்போதெல்லாம் அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள். மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே காரணம் என்ற முதற்கட்டத் தகவல் மறுநாளே நாளிதழ்களில் வெளியாகிறது. போர்மேன் கைதாகிறார், சில நாள்கள் பக்கத்து ஆலைகளிலும் சோதனை நடக்கிறது. உராய்வு நேர்ந்த அறையை யார் யாருக்குக் குத்தகைக்கு விட்டார், அதை ஆய்வாளர் எப்போது அறிந்தார் என்பவை மட்டும் இறந்தவர் வீட்டுக்குத் தெரிவதில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். விதிமீறல்களுக்காக அந்த ஆலையின் உரிமம் சற்று முன்னர்தான் இடைநிறுத்தப்பட்டிருந்தது. அதாவது, ஆபத்தை அரசு அறிந்திருந்தது, வேலை நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமம் ஒருவரிடமும் உற்பத்தி குத்தகைக்காரர்களிடமும் இருந்தது அப்போது வெளிப்பட்டது.

அந்த அறைகளில் அமர்ந்திருப்போரில் கணிசமானோர் சுற்றுவட்டார ஊர்களின் தலித் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். செய்து முடிக்கும் எண்ணிக்கைக்கேற்பக் கூலி என்பதால் வேகம்தான் அவர்களுக்குச் சோறு. அந்த வேகமே ஆய்வறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ ஆகிவிடுகிறது. கூலி முறையை ஆய்வு செய்ய அறிக்கைப் படிவத்தில் இடமில்லை போலும்.

சட்டத்தின் முடிச்சு வேறோர் இடத்தில் இருக்கிறது. இவ்விரு விபத்துகளின்போதும் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, ஆய்வாளரின் முறையீடோ அவரது எழுத்துப்பூர்வ முன் அனுமதியோ இன்றி அச்சட்டக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க இயலாது. குற்றம் ஆய்வாளருக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்கிறது 106ஆம் பிரிவு; அவரது எழுத்துப்பூர்வ ஆணையை மீறிய குற்றமாயின் 6 மாதங்கள். அந்தக் கெடு கடந்தால் ஆலையின் பொறுப்பாளர் அச்சட்டத்திலிருந்து தப்பிவிடுவார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தாமாக இவ்வழக்கைத் தொடுக்க வழியில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆய்வாளரை ‘ஆய்வாளர் மற்றும் வசதியாளர்’ ஆக்கியிருக்கிறது. யாருக்கு வசதி என்று கேட்கத் தோன்றுகிறது. உயிரிழப்பு நேர்ந்த குற்றத்துக்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்கு வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கே தொடுக்கப்படாவிட்டால் எதில் பாதி?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்கப் பணிக்கிறது. வழக்குத் தொடுப்பதில்லை என்பதும் ஒரு முடிவுதான். எனவே இழப்பீட்டுக் காசோலை வந்த பிறகு அல்ல, விபத்து நடந்த வாரத்திலேயே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு அனுப்புமாறு சட்ட மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவ்வாலையில் முந்தைய ஆய்வு நடந்த தேதி, அதில் பதிவான விதிமீறல்கள், பிறப்பித்த ஆணைகள், முறையீடு தாக்கல் செய்த நீதிமன்றம், தேதி ஆகிய ஐந்தையும் அதில் கேளுங்கள்.